மேல்வீட்டு ஒயின், கீழ்வீட்டு மூக்கு

எங்கள் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர்களிடம் நான் நான்கு நிபந்தனை சொல்வேன். கறி கூடாது, முட்டை கூடாது, மது கூடாது, தேன் கூடாது. முதல் மூன்றுக்கும் தலையாட்டுவார்கள். நான்காவதில் நின்றுவிடுவார்கள். தேன் என்ன பாவம் செய்தது என்று கேட்பார்கள். தேன் ஒரு பாவமும் செய்யவில்லை, எடுக்கிறவர்கள்தான் செய்கிறார்கள் என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுப்பேன்.

நாங்கள் ஜைனர்கள். ஆரணிப் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். ஜைனர் என்றதும் வடக்கே இருந்து வந்த சேட்டு வீடு என்று நினைத்து என்னிடம் இந்தியில் ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மட்டும் வீடு காலி இல்லை என்று சொல்லிவிடுவேன். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது என்பதும் எங்கள் வழக்கம். அதை வாடகைக்கு வருகிறவர்கள் மேல் திணிப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேலே தாளிக்கிற சத்தம் கேட்டால் பெருமூச்சு விடுவதோடு சரி.

வீடு செங்கம் ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே. கீழே நானும் என் கணவரும். அவர் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசை விட்டு அவர் வந்துவிட்டாரே தவிர, அவரை விட்டு ஆபீஸ் இன்னும் போகவில்லை. காய்கறிச் சீட்டு எழுதினாலும் கீழே தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார்.

என் மூக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினையே அதனால்தான் வந்தது. பால் திரியப்போவதை அரை மணி நேரம் முன்னாலேயே சொல்லிவிடுவேன். சாம்பாரில் உப்பு கம்மியா ஜாஸ்தியா என்று ருசி பார்க்காமல் ஆவியிலேயே தெரியும். உறவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் நெய் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் கணவரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்.

மேல்வீட்டில் இருப்பவர் பிரான்ஸ் தேசத்தின் தெற்கிலிருந்து வந்த எழுபது வயது அம்மா. கணவர் இறந்தபின் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று எங்கள் ஊர் மலையைப் பார்க்க வந்தார். எட்டு வருஷம் ஆகிறது, அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. நான் அவரை அம்மா என்று கூப்பிடுவேன். அவரும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு யார் அம்மா என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், எங்களுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. தமிழ் பேசுவார். அவசரம் வந்தால் வினைச்சொல்லை எல்லாம் உதறிவிட்டுப் பெயர்களை மட்டும் பேசுவார்.

ஒரு பங்குனி மத்தியானம், சால்வையில் எதையோ சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். சால்வைக்குள் இருப்பது பாட்டில் என்பது படியில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. எட்டு வருஷம் ஒரு நிபந்தனையும் மீறாதவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னம்மா இது என்று கேட்பதற்குள் அவரே பாட்டிலை மேசைமேல் வைத்து, மன்னிப்புக் கேட்பதுபோல் கையைக் கூப்பினார்.

"குடிக்க இல்ல அம்மா. நீங்க மோந்து பாருங்க. எனக்கு வாசனை இல்ல. மூணு வருஷம்."

கொரோனாவோடு போனதாம். காய்ச்சல் போய்விட்டது, வாசனை திரும்பி வரவில்லை. நாக்கில் புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் தெரியுமாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மூன்று வருஷமாக நான் தட்டில் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்த கருவேப்பிலைச் சாதமும் பெருங்காய ரசமும் வெறும் சூடாகவும் உப்பாகவும்தான் உள்ளே போயிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் கையைக் குவித்து ஆகா என்பாரே, அந்த ஆகாவெல்லாம் எனக்காகச் சொன்னது.

மேலே பால் தீய்ந்த வாசனை வந்த நாட்கள் அப்போதுதான் ஞாபகம் வந்தன. மூன்று தடவையாவது இருக்கும். மலைக்காக வந்து தங்கியவர்கள் வீட்டில் பால் தீய்ந்தால் மறந்துவிட்டார்கள் என்று யாரும் நினைக்க மாட்டோம். தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மரியாதையாக விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் விட்டேன்.

விஷயத்தைக் கேட்டுக் கேட்டு இப்படிக் கோத்துக்கொண்டேன். அவருடைய கணவர் ஒயின் செய்கிறவர். அவருக்குப் பிறகு தோட்டத்தை மகள் பார்க்கிறாள். இரண்டு வகைத் திராட்சையிலிருந்து எடுத்த சாறுகளைக் கலந்து ஒரு வெள்ளை ஒயின் செய்திருக்கிறாள், யார் துணையும் இல்லாமல் தானே செய்த முதல் கலவை. ஒரு பெரிய தொட்டி நிறைய இருக்கிறது. அதிலிருந்து ஒரு பாட்டிலை இங்கே வருகிற தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பி, அம்மா நீ நன்றாயிருக்கிறது என்று சொன்னால்தான் பாட்டிலில் அடைப்பேன், அங்கே நீ சாப்பிடுகிற சாப்பாட்டில் எது இதோடு சேரும் என்றும் எழுது என்று கடிதம் வைத்திருந்தாள்.

மூக்கு போய்விட்டது என்று மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் அடுப்பைக் காட்டினார். கேஸ் கசிந்தால்கூடத் தெரியாத அம்மாவைத் தனியாக விட்டுவைப்பாளா, அடுத்த விமானத்தில் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவாள் என்றார். மலையை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. அதைச் சொல்லும்போது அவருக்குத் தமிழில் வினைச்சொல் ஒன்றுகூட வரவில்லை.

என் கணவரிடம் போனேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு கோப்பு வந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"குடிக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. மோந்து பாக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்றார். "ஆனா வீட்டுக்குள்ள வாணாம். மொட்டை மாடில வச்சிக்கோங்க. வாடகை ஒப்பந்தத்துல மொட்டை மாடி வரல."

இன்னும் சில ஷரத்துகள் போட்டார். நம் பாத்திரம் எதிலும் ஒரு சொட்டு படக் கூடாது. நான் கூடவே ஏதாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டியிருப்பதால் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும். சாட்சியாக அவரும் இருப்பார், கையில் குரங்கு விரட்டும் தடியோடு.

மறுநாள் மாலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் கூடினோம். பாட்டில், ரோட்டோரக் கஃபேயில் வாங்கிவந்த ஐஸ் கட்டிகளோடு ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் கழுத்து மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தது. மேல்வீட்டம்மாவிடம் ஒரே ஒரு கண்ணாடிக் கோப்பைதான் இருந்தது. எனக்குத் தனியாக அவர் வீட்டு எவர்சில்வர் டம்ளரை நீட்டினார். எவர்சில்வரில் ஊற்றினால் எவர்சில்வர்தான் மணக்கும், கண்ணாடியே கொடுங்கள் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். அவர் கணவரும் இதையே சொல்வாராம். எனக்குத் தலைக்கனம் அந்த இடத்திலேயே கொஞ்சம் ஏறிவிட்டது.

ஊற்றினார். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி இளமஞ்சள். கோப்பையின் தண்டைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி என்னிடம் தந்தார். மூக்கை உள்ளே விட்டேன், விட்ட வேகத்தில் தும்மினேன். என் கணவர் முதல் கருத்தாக அதைக் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது தடவை பொறுமையாக மூச்சை இழுத்தேன். முதலில் வந்தது எலுமிச்சை இல்லை, நார்த்தங்காய் இலை, கசக்கிய இலை. அடுத்தது மாங்காய். வெறும் மாங்காய் இல்லை, காம்பை ஒடித்ததும் பால் பீச்சுமே, அந்த நேரத்துக் கிளிமூக்கு மாங்காய். கொஞ்சம் விட்டுப் பார்த்தால், வெயிலில் காய்ந்த கருங்கல்லில் நாலு சொட்டு மழை விழுந்த மணம். நான் சொல்லச் சொல்ல மேல்வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். ஒவ்வொன்றையும் எங்கிருந்தோ தேடி எடுத்து ஞாபகப்படுத்திக்கொள்வது முகத்தில் தெரிந்தது. எனக்கோ அது பெண் பார்க்க வந்த இடத்தில் பாட்டுப் பாடச் சொன்னது மாதிரி, சந்தோஷமும் பெருமையும் தாங்கவில்லை.

எல்லாம் போனபிறகு கடைசியாக இன்னொன்று வந்தது. மெதுவாக, வெதுவெதுப்பாக, இனிப்பாக. வெல்லம் இல்லை, கருப்பட்டி இல்லை, மல்லி இல்லை. அதை நான் எங்கேயோ கடந்துபோயிருக்கிறேன். முருங்கை மரம் பூத்துக் கொட்டும் காலையில், மரத்தடியில் கோலம் போடக் குனியும்போது, மேலே பூவைச் சுற்றி ஒரே ரீங்காரமாக இருக்கும்போது வருகிற வாசனை மாதிரி. ஆனால் முருங்கைப்பூவும் இல்லை. திரும்பத் திரும்ப முகர்ந்தேன். என் சமையலறை அலமாரியில் இருக்கிற டப்பா அத்தனையையும் மனதுக்குள் திறந்து மூடிவிட்டேன். ஒன்றிலும் அது இல்லை.

"வேற அம்மா?" என்று கேட்டார்.

"அவ்ளோதாங்க" என்றேன்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏதோ இருக்கிறது, பெயர் வரவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். மூன்று வாசனையைப் பட்டுப் பட்டென்று சொன்ன வாய்க்கு நான்காவதில் தெரியாது என்று சொல்ல வெட்கம். அதனால் அதை இல்லாமலே ஆக்கிவிட்டேன்.

அடுத்தது சாப்பாடு. நான் ஒயினை வாயில் வைக்க மாட்டேன், அவருக்குச் சாப்பாட்டின் வாசனை தெரியாது. ஆக, நாக்கு அவருடையது, மூக்கு என்னுடையது. நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையை முகர்வேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒரு மடக்குக் குடிப்பார். இரண்டு பேரும் சரி என்றால்தான் சரி. இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளாகச் சாப்பிட்டது எங்கள் ஊரிலேயே நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.

புளியோதரைதான் ஜெயிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது ஒயினோடு வரப்புச் சண்டைக்காரர்கள் மாதிரி மோதியது. புளிப்புக்குப் புளிப்பு விட்டுக்கொடுக்கவே இல்லை. ரச வடையைத் தின்றுவிட்டு முகர்ந்தால் ஒயினில் மண்ணெண்ணெய் அடித்தது. மிளகாய் பஜ்ஜியைத் தின்று ஒரு மடக்குக் குடித்த மேல்வீட்டம்மா, நாக்கில் தீ வைத்ததுபோல் பக்கெட்டிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தேங்காய்ச் சாதம் சண்டை போடவில்லை. அதன் பக்கத்தில் ஒயினும் தூங்கிவிட்டது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு குரங்கு சுவரேறி வந்து பாட்டிலின் கார்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து மோந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தது. அது ஜைனக் குரங்கு என்று என் கணவர் சான்றிதழ் கொடுத்தார்.

மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது, இன்னும் அரை மணி நேரம்தான். நான் செய்துவைத்த பதார்த்தம் எல்லாம் தோற்றுப்போய் வரிசையாகக் கிடந்தன. அப்போது சாட்சி உட்கார்ந்திருந்த பக்கமிருந்து தோல் உடைக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. என் தம்பி வயலிலிருந்து காலையில் வந்த பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு வேகவைத்து, அவருக்குப் பொழுதுபோகட்டும் என்று ஒரு சொம்பு நிறையக் கொடுத்திருந்தேன். அதையெல்லாம் விருந்து என்று யார் வைப்பார்கள்? மேல்வீட்டம்மா கையை நீட்டி இரண்டு எடுத்தார். தோலுக்குள் இருந்த உப்புத் தண்ணீரை உறிஞ்சி, பருப்பை மென்று, ஒரு மடக்குக் குடித்தார். இன்னும் நாலு எடுத்தார்.

நான் ஓடிப்போய் மாங்காயைப் பொடியாகச் சீவி, தேங்காய்த் துருவலோடு அந்தப் பருப்பில் கலந்து கொண்டுவந்தேன். தின்றுவிட்டு முகர்ந்தேன். உப்பும் மல்லாட்டையின் மண்வாசனையும் கோப்பையில் இருந்த கருங்கல் மழையோடு போய்ச் சேர்ந்துகொண்டன. மாங்காய்க்கு மாங்காய் கை கொடுத்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டினோம். விருந்தை ஜெயித்தது, குரங்கு பார்க்கிற ஆளுக்குக் கொடுத்த மல்லாட்டை.

அன்று இரவே என் கணவர் வரைவு தயாரித்துவிட்டார். பொருள்: வெள்ளை ஒயின் குறித்துக் கருத்து கோருதல் தொடர்பாக. பார்வை: தங்கள் மகளின் கடிதம். மேற்படி பானத்தில் கீழ்க்கண்ட மணங்கள் உள்ளன என்று வரிசை எண் போட்டிருந்தார். மேல்வீட்டம்மா சிரித்துச் சிரித்து, அதைத் தன் பாஷையில், தான் எழுதுவதுபோல மாற்றி எழுதி மகளுக்கு அனுப்பினார். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் காலை அவர் இறங்கிவந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார். மகளிடமிருந்து பதில் வந்திருந்தது. நன்றி சொல்லியிருந்தாள். எழுதியது எல்லாம் சரி, மல்லாட்டையைப் படித்துச் சிரித்தாளாம். ஆனால் ஒன்று மட்டும் இல்லையே என்று எழுதியிருந்தாள். அப்பா செய்த ஒயின் எல்லாவற்றிலும் அது இருக்கும். அது வர வேண்டும் என்றுதான் இரண்டாவது திராட்சையைக் கலந்தேன், எத்தனையோ தடவை மாற்றி மாற்றிக் கலந்தேன், எனக்கு வந்ததுபோலத்தான் இருந்தது. நீ அதைத்தான் முதலில் சொல்லியிருப்பாய். நீ சொல்லவில்லை என்றால் அது இல்லை. தொட்டியை அப்படியே வியாபாரிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன், அவர் மற்றவர்களுடையதோடு சேர்த்துக் கொட்டிக்கொள்வார் என்று முடித்திருந்தாள்.

எது இல்லை என்று கேட்டேன்.

"தேன்" என்றார்.

நான் தேன் பாட்டிலைப் பார்த்திருக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் சூரணம் வாங்கும்போது தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னால், வெந்நீரில் குழைத்துக்கொள்வோம். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் ஐம்பத்தாறு வயதுவரை வந்ததில்லை. என் அலமாரியில் ஏன் அந்த டப்பா இல்லை என்று இப்போது புரிந்தது.

சொல்லிவிட்டேன். கடைசியாக ஒரு வாசனை வந்தது, பெயர் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு மறைத்துவிட்டேன் என்று. அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அது தேன்தானா, எப்படி இருந்தது என்று கேட்டார். தேன் எப்படி இருக்கும் என்று நான் திருப்பிக் கேட்டேன். வாசனை போனவர் தேனை முகர்ந்தே பார்க்காதவளுக்கு அதை விளக்க, மெழுகு, வெயில், பூ என்று மூன்று வார்த்தை சொன்னார். பிறகு எழுந்து மாடிக்குப் போனார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு பாட்டில். பாதி காலியாக இருந்தது.

"எட்டு வருஷம் அம்மா. அரிசி டப்பா பின்னாடி" என்றார்.

நியாயமாக அப்போது நான் நிபந்தனைகளை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். நான் மூடியைத் திறந்தேன். கோலம் போடக் குனிகிற காலையும், முருங்கைப் பூவும், ரீங்காரமும் அப்படியே மேலே எழுந்து வந்தன. அதேதான். தலைக்கு மேலே எட்டு வருஷம் தேன் இருந்திருக்கிறது, இந்த ஊர் மூக்குக்குத் தெரியவில்லையா என்று என் கணவர் பின்னாலிருந்து கேட்டார். மூக்கறுபட்ட நேரத்தில் பதில் பேசக் கூடாது என்று சும்மா இருந்தேன்.

எழுத மறந்துவிட்டேன், தேன் இருக்கிறது என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள் என்று யோசனை சொன்னேன். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் ஒட்டுவது எங்கள் வீட்டு வழக்கம் இல்லைதான், ஆனாலும் சொன்னேன். மேல்வீட்டம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். தேனை அம்மா மறப்பாள் என்று மகள் நம்ப மாட்டாள். தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பாள். தொட்டி போய்விடும். அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், உண்மையைச் சொன்னால் மலையை விட்டுப் போக வேண்டியிருக்கும். அவர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார்.

வீடியோவில் மகள் வந்தாள். அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. ஒரு இடத்தில் அவர் தன் மூக்கைத் தொட்டார். மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். பிறகு அவர் போனை என் பக்கம் திருப்பினார்.

என் இங்கிலீஷைத் திரட்டி, தேன் இருந்தது, எனக்குப் பெயர் தெரியாது, தப்பு என்னுடையது என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது எப்போது வந்தது, முதலிலா நடுவிலா என்று கேட்டாள். கடைசியில், மாங்காய் போய், கல் போய், எல்லாம் போனபிறகு என்றேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் ஒயினில் அது கடைசியில்தான் வருமாம். தேற்றுவதற்காகச் சொல்கிறவர்கள் யாரும் அதைக் கடைசியில் வைக்க மாட்டார்கள் என்று மேல்வீட்டம்மா பிறகு எனக்கு விளக்கினார்.

தொட்டி பிழைத்தது. அன்றே வியாபாரியை நிறுத்திவிட்டாள். அம்மாவை அழைத்துப்போக வருகிறேன் என்றும் அன்றே சொல்லிவிட்டாள். திராட்சை அறுவடைக்கு முன்னால், ஆடி மாதம். வர ஒரு டிக்கெட், போக இரண்டு.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டது. தினமும் சாயங்காலம் மாடிப்படி உச்சியில் நின்று, "அம்மா, இன்னிக்கு என்ன?" என்று கேட்பார். நான் முற்றத்தில் நின்று மூக்கை உயர்த்தி, ரோட்டுக் கடையில் போண்டா போடுகிறான், எதிர்வீட்டில் புது வெள்ளை அடிக்கிறார்கள், மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்கிறது என்று சொல்வேன். காலையும் மாலையும் மேலே போய் அவருடைய கேஸ் அடுப்பையும் முகர்ந்துவிட்டு வருவேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கே சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே படியிறங்கும்போது அழுகையும் வரும். எட்டு வருஷம் கூட இருந்தவர். அவர் போய்விடுவார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆடியில் மகள் வந்தாள். வெயிலில் கறுத்த முகம், என் தம்பியின் கைபோலக் காய்ப்புக் காய்ச்சிய கை. சிரிக்கவில்லை. மாடி வீட்டில் அடுப்பு, குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வரி போட வந்த அதிகாரி மாதிரி இருக்கிறாளே என்று நான் சொன்னதற்கு, நல்ல அதிகாரி என்று என் கணவர் மெச்சினார்.

மறுநாள் சாயங்காலம் மொட்டை மாடிக்கு வரச் சொன்னாள். பெட்டியிலிருந்து லேபிள் ஒட்டிய பாட்டிலை எடுத்தாள். பச்சை மல்லாட்டை அப்போது கிடைக்கவில்லை. காய்ந்ததை முதல்நாள் ராத்திரியே ஊறப்போட்டு வேகவைத்திருந்தேன். சந்தையில் கிடைத்த கடைசி மாங்காயைச் சீவிக் கலந்திருந்தேன். மகள் தான் கொண்டுவந்த மூன்று கோப்பையில் ஊற்றினாள். ஒன்று எனக்கு, முகர மட்டும்.

நான் மூக்கை வைத்தேன். நார்த்தை இலை என்றேன். மேல்வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். மாங்காய்க் காம்பு என்றேன், ஒரு வாய். மழை விழுந்த கல் என்றேன், ஒரு வாய். நான் சொல்வதற்கு முன்னால் அவர் கோப்பையைத் தொடவே இல்லை. பிறகு நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார்.

"இப்ப தேன் வந்துடுச்சுங்க" என்றேன்.

அவர் அந்த வாயை உடனே விழுங்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. தன் கணவர் பெயரைச் சொன்னார், அதை மட்டும் நான் புரிந்துகொண்டேன். மகள் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றாள். என் கணவர் குரங்கு எதுவும் இல்லாத திசையைத் தடியோடு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் மகள் மட்டும் கீழே வந்தாள். ஊரில் டாக்டர் இருக்கிறார், பெரிய வீடு இருக்கிறது, நானும் இருக்கிறேன் என்றாள். ஆனால் அங்கே அம்மாவுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை, எனக்கு ஒயினைச் செய்யத் தெரியும், இப்படிச் சொல்லத் தெரியாது என்றாள். இரண்டு டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்துவிட்டாளாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவளும் விடவில்லை.

போவதற்கு முன்னால் கேஸ் கசிந்தால் கத்துகிற ஒரு பெட்டியை வரவழைத்து, மேல்வீட்டுச் சுவரில் தானே ஆணி அடித்து மாட்டினாள். என் மூக்கை நம்பாமல் இல்லை என்று இரண்டு தடவை சொன்னாள். நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். தேன் விஷயத்துக்குப் பிறகு நானே முழுசாக நம்புவதில்லை.

பாட்டிலின் பின்பக்க லேபிளில், இதை வேகவைத்த வேர்க்கடலையோடும் மாங்காயோடும் குடிக்கலாம் என்று அவர்கள் பாஷையில் அச்சடித்திருக்கிறதாம். என் கணவர் அந்த லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, வரைவு கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறார். நான்கு நிபந்தனையும் இன்னும் நான்காகவேதான் இருக்கின்றன. தேன் பாட்டில் மட்டும் ஒரு தகர டப்பாவுக்குள் மொட்டை மாடியில் இருக்கிறது. மொட்டை மாடி ஒப்பந்தத்தில் வராது.

மகளைக் காரில் ஏற்றி அனுப்பிய அன்று சாயங்காலம் மேல்வீட்டில் சத்தமே இல்லை. நான் முற்றத்தில் துணி மடிப்பதுபோல் சும்மா நின்றுகொண்டிருந்தேன். இருட்டப்போகிற நேரத்தில் படி உச்சியில் காலடி கேட்டது.

"அம்மா, இன்னிக்கு என்ன?"

நான் மூக்கை உயர்த்தினேன், உடனே முந்தானையால் பொத்திக்கொண்டேன்.

"பின்னாடி வீட்ல கருவாடு வறுக்கறாங்க. நீங்க குடுத்து வச்சவங்க" என்றேன்.

மேலே அவர் சிரிக்க ஆரம்பித்தார்.